ஆவுடையம்மைக்கு வாரிசு இல்லையாம்!

அந்த வீடியோவுல கத்துகது நான்தான். மூடி மறைக்கதுக்கு ஒண்ணும் இல்ல. லாட்ஜுக்காரன் எனக்க நம்பரைத் தரும்போதே சொல்லியிருப்பான், 'பாத்துப் பேசுங்க, அந்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்'னு. சொன்னானா? சொன்னான்லா! சிரிக்காத. நீன்னுதான் சொல்லுவேன் மக்களே, கோவிச்சுக்கிடாத. உங்க கோயம்புத்தூர்ல நாய்க்குட்டியைக்கூட வாங்க போங்கன்னு சொல்லுவாவளாம். எனக்கு அது வாயில நிக்காது.

இங்கன நிழல்ல நில்லு. மேல பாரு. இதான் மணிமேடை. திருவாங்கூர் மகாராஜா இந்த ஊருக்கு வந்ததுக்கு ஞாபகமாக் கட்டினது. அப்பம் நாங்க திருவாங்கூர்தான், தமிழ்நாடு இல்ல. உள்ள கடிகாரத்துக்குச் சங்கிலியும் எடைக்கட்டியுமா இருக்கும். போட்டோ எடுக்கணும்னா எடு. எடுத்தாச்சா? காலையில நாகராஜா கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னேல்லா, பிரசாதம்னு மண்ணு தந்தாவளா? கருவறைக்கு ஓலைக்கூரைதான், பாத்தியா? தூணுல சமணசாமியெல்லாம் இருக்குமே, அது? பாக்கலியா! பின்ன என்னத்தைத்தான் பாத்த? பாம்புக்குப் பால் ஊத்திட்டு ஓடி வந்திருப்ப. நாளைக்கு இன்னொருக்கா போ. என்னையக் கூட்டிட்டுப் போ.

எனக்கு ஊரு சுத்திக் காட்டுகதுன்னா உசிரு. யாரும் வேலை போட்டுக் குடுக்கல. வீட்டுல சும்மா உக்காந்து மேல்கூரையைப் பாக்கதுக்கு, வாறவங்களுக்கு ஊரைக் காட்டலாமேன்னு ஆரம்பிச்சேன். கதை சொல்லும்போது கொஞ்சம் ராஜா சேத்துக்கிடுவேன். வெளியூர்க்காரங்களுக்கு ராஜா இல்லேன்னா கதை தொண்டையில இறங்காது. எங்க ஊர்ப் பெருமைக் கழகத்துத் தலைவரு, புரொபசர் ஆறுமுகப்பெருமாள், அவரு சொல்லுவாரு, 'தாணம்மை, நீ சொல்லுகதுல பாதி நீயா உண்டாக்கினது'ன்னு. இருக்கட்டுமே! மீதிப் பாதி நெசம்லா? அவரு பேசினா முழுசும் நெசம்தான். கேக்கதுக்குத்தான் ஆளு இல்ல.

வா, மீனாட்சிபுரம் வழியா நடந்தே கோட்டாத்துக்குப் போயிருவோம். ஓரமா வா, ஓரமா வா. இந்த ஊர்ல பஸ்ஸுக்காரனுக்கு மனுசன் கண்ணுக்குத் தெரியாது.

வாறவங்க எல்லாரும் இப்பம் அந்தக் கல்லைத்தான் கேக்காவ. வீடியோ பாத்துட்டு. அதுல என்ன இருக்கு? ஒரு கிழவி கையை நீட்டிக்கிட்டுக் கத்துகா. அவ்வளவுதான். முன்ன நடந்தது இல்ல, பொறவு நடந்தது இல்ல. நான் அடங்காப்பிடாரின்னு ஊரு முழுக்கப் பேச்சு. எனக்கு யாருமேலயும் கோபம் கிடையாது, முதல்லயே சொல்லிட்டேன். செண்பகத்துமேலகூடக் கிடையாது. கேக்கியா? முதல்லேருந்து சொல்லுகேன்.

சுமைதாங்கிக்கல்லு தெரியும்லா? தெரியாதா! சரிதான். ரெண்டு கல்லை நட்டு, மேல ஒண்ணைக் குறுக்க வெச்சிருக்கும். தோள் உசரம். தலைச்சுமை கொண்டு வாறவ யாரையும் 'கொஞ்சம் இறக்கி விடுங்க'ன்னு கெஞ்சாண்டாம். அவளே சுமையை அதுமேல சாய்ச்சு வெச்சுட்டு நின்னு மூச்சு விடலாம். திரும்பத் தலையில கேத்தவும் யாரு கையும் வேண்டாம், கழுத்தைக் குடுத்தாப் போதும். அப்படி ஒரு கல்லு கம்போளத்துக்குப் போற வழியில, ஓடைக்கரை முக்குல இருக்கு. கம்போளம்னா இங்க சந்தை. ரோட்டுக்குத் தார் போட்டுப் போட்டு இப்பம் கல்லு நெஞ்சு உசரத்துக்கு வந்துட்டு. மேல்கல்லுல 'ஆவுடையம்மை'ன்னு பேரு வெட்டியிருக்கும்.

அந்த ஆவுடையம்மை எனக்க மாப்பிள்ளை குடும்பத்துக்காரி. எனக்க மாப்பிள்ளை பேரு பூதலிங்கம். இருக்காரு, நல்லாத்தான் இருக்காரு, வாயைத்தான் திறக்கமாட்டாரு. அவங்க வீட்டுல அதுக்குப் பாட்டிக்கல்லுன்னு பேரு. நான் கலியாணம் கட்டி வந்த மறுநாளே மாமியாரு என்னைய அங்க கூட்டிட்டுப் போனா. 'இவ நம்ம கொள்ளுப்பாட்டி. இவ வயித்து வழியா வந்தவங்கதான் நாம எல்லாரும்'னு காட்டினா. நெத்தி கல்லுல முட்டக் கும்பிட்டேன். சித்திரை மாசம் முழுக்க அந்தக் கல்லுக்குப் பக்கத்துல பானையில சம்பாரம் வெச்சு சுமைகாரங்களுக்கு ஊத்தணும், அது குடும்ப வழக்கம். மோருல இஞ்சியும் பச்சமொளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டுக் கலக்குனா அந்த வெயிலுக்கு அமிர்தம்லா! மாமியாரு போனப்பொறவு நான்தான் ஊத்துகேன். செண்பகம் ஊத்துவாளா? அவளுக்கு வெயில் ஆகாது.

செண்பகம் யாருன்னு சொல்லலியோ? கொழுந்தன் பொண்டாட்டி. கொழுந்தன் துபாய்ல. இவ இங்கன மூணு பயலுவள வெச்சுக்கிட்டு மகாராணி கணக்கா இருக்கா. நல்லவதான். சமையல் வராது, மத்தபடி நல்லவ.

அந்தக் குடும்பத்துல இன்னொரு வழக்கமும் உண்டு. மருமக முழுகாம இருந்தா, ஏழாம் மாசம் அந்தக் கல்லுகிட்ட கூட்டிட்டுப் போவாவ. நாழி நிறைய அரிசியைக் கல்லுமேல வெச்சு, அவ கையாலேயே எடுத்துக் கீழ வைக்கச் சொல்லுவாவ. வயித்துச் சுமை சுகமா இறங்கணும்னு. செண்பகத்துக்கு மூணு தடவை நடந்துது. மூணு தடவையும் நாழியில அரிசி போட்டுக் குடுத்தது நான். எனக்கு நடக்கல. பாக்காத டாக்டர் இல்ல, கேறாத கோயில் இல்ல. நடக்கல, அவ்வளவுதான். எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் கிடையாது. இருந்துது. ஒரு காலத்துல நெஞ்சைப் பிடுங்கி எடுத்துது. இப்பம் கிடையாது. நீ எதுக்கு மூஞ்சியை அப்படி வெச்சுக்கிட? நட.

இந்தா, சவேரியார் கோயில். டிசம்பர்ல திருவிழான்னா மாவட்டத்துக்கே லீவு. ஒருக்கா வடக்கேருந்து படையெடுத்து வந்தவனுவள, புனிதரு ஒத்தை ஆளா சிலுவையைக் கையில பிடிச்சுக்கிட்டு முன்னால போயி நிண்ணு திருப்பி அனுப்பினாருன்னு சொல்லுவாவ. நானும் ஒத்தையா நிண்ணு ஒரு ஜேசிபியைத் திருப்பி அனுப்பினேன். எனக்கு எவன் கோயில் கட்டப்போறான்? சும்மா சொன்னேன். சவேரியாரே, மன்னிச்சுக்கிடும். உள்ள போயிட்டு வாறியா? வரும்போது பாத்துக்கிடுவோமா? சரி, அப்பம் வா.

எங்க விட்டேன்? ஆங், மீட்டிங்கு.

போன வருசம் ஓடைக்கு மூடி போட்டு முக்கை அகலப்படுத்தப் போறோம்னு கார்ப்பரேஷன் ஆபீஸ்லேருந்து வந்தாவ. கல்லு இடைஞ்சலாம். உடனே நம்ம புரொபசர் ஒரு யோசனை சொன்னாரு. ஊர்ப் பெருமைக் கழகம் ஒரு பார்க்கு போடப்போகுது, கல்லை அங்க கொண்டு வெப்போம், சுத்தி கம்பிவேலி கட்டி, கீழேருந்து லைட்டு அடிச்சு, பக்கத்துல வரலாறு எழுதின போர்டு வெப்போம்னு. எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு இல்ல. கம்பிவேலிக்குள்ள நிண்ணா அது சுமைதாங்கியா? சும்மா நிக்க ரெண்டு கல்லு, குறுக்க ஒரு கல்லு. மீன்கூடையைத் தூக்கிட்டு வாறவ லைட்டு பாக்கவா பார்க்குக்குப் போவா?

கலியாண மண்டபத்துல மீட்டிங்கு போட்டாவ. நான் போனேன். கம்போளத்துப் பொம்பளைங்களும் வந்தாவ. பள்ளம்ங்க கடக்கரை ஊர்லேருந்து தினமும் மீன் கொண்டு வாற மரியபுஷ்பம்தான் அவங்களுக்குத் தலைவி. எனக்க மாப்பிள்ளை கடைசி வரிசையில போயி உக்காந்தாரு. எங்க போனாலும் கடைசி வரிசைதான், எங்க கலியாணத்துக்கே கடைசியாத்தான் வந்தாரு.

ஆபீஸர் நல்ல மரியாதையாத்தான் பேசினாரு. 'இது ஒரு குடும்பத்துக் கல்லுன்னு சொல்லுறாங்க. வாரிசுதாரர் யாராவது வந்திருக்கீங்களா? ஆட்சேபணை இருந்தா சொல்லலாம். சம்மதம்னா இன்னும் நல்லது'ன்னாரு.

நான் சேலையைச் சரி பண்ணிட்டு எந்திரிக்கதுக்குள்ள முன்வரிசையில செண்பகம் எந்திரிச்சு நிக்கா! பட்டுச்சேலை வேற. காலையில பத்து மணிக்கு எவளாவது பட்டு உடுத்துவாளா?

'நாங்கதான் சார் வாரிசு. இவங்க மூணு பேரும் எனக்க பசங்க. எங்களுக்குப் பரிபூரண சம்மதம்'னா. புரொபசர் சிரிச்சுக்கிட்டுத் தலையை ஆட்டினாரு. போர்டுல பயலுவ பேரைப் போடுகதா ஏற்கெனவே பேசி முடிச்சிருக்காவ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

'எனக்குச் சம்மதம் இல்ல'ன்னேன்.

'நீங்க யாரும்மா?'

'நான் மூத்த மருமக. வருசாவருசம் அந்தக் கல்லுக்குச் சம்பாரம் ஊத்துகவ. அதைத் தொட விடமாட்டேன்.'

பின்னால மரியபுஷ்பம் கூட்டம் கைதட்டிச்சு. அப்பம்தான் செண்பகம் திரும்பினா. சத்தம் போடல. மெதுவா, ஆனா எல்லாருக்கும் கேக்க மாதிரி மெதுவா சொன்னா: 'அக்காவுக்குப் பிள்ளை கிடையாது சார். அவங்களை வாரிசுன்னு எடுத்துக்கிடணுமா?'

மக்களே, அவ பெத்ததுல ரெண்டாவது பய, அவனுக்குச் சின்ன வயசுல இழுப்பு வரும். ராத்திரி முழுக்க மடியில நிமித்தி வெச்சுக்கிட்டு உக்காந்தது யாரு? அவளா? அவ அசந்து தூங்குவா, பாவம். அதை விடு. நான் சொல்லிக்காட்டுக ஆளு இல்ல. ஆனா அத்தனை பேரு முன்னால, மைக்கு வெச்ச சபையில, ஒருத்தி எனக்க வயித்தைக் காட்டிப் பேசினா நான் சும்மா இருப்பேனா?

அந்த வீடியோ இங்கேருந்துதான் ஆரம்பிக்கும்.

'ஏட்டி செண்பகம்! சுமைதாங்கி யாருக்குட்டி வைப்பாவ? சொல்லு!'ன்னு கேட்டேன். அவ முழிச்சா. 'சொல்லுட்டி! வயித்துல பிள்ளையோட செத்தவளுக்குத்தானே வைப்பாவ? இறக்கி வைக்காம கொண்டுபோன சுமைக்குப் பதிலா ஊரார் சுமையைத் தாங்கட்டும், அந்த ஆத்மா ஆறட்டும்னுதானே? ஆவுடையம்மை தலைப்பிரசவத்துல பிள்ளை வெளிய வராம செத்தவ. அப்பம் உன்னையக் கட்டினவன் யாரு வயித்து வழி வந்தான்? எனக்கு வாச்சவரு யாரு வழி வந்தாரு? உனக்க மூணு பயலும் கல்லைப் பொளந்துக்கிட்டு வந்தானுவளா? அவளுக்கு வாரிசு கிடையாது! எனக்கும் கிடையாது! அவளுக்காக நான் பேசாம நீயா பேசுவ? உக்காருட்டி கீழ!'

இதை நான் யோசிச்சுப் பேசினேன்னு நினைக்காத. அந்த நிமிசம் வாயில வந்துது. சுமைதாங்கி எதுக்கு வைப்பாவன்னு இந்தப் பக்கத்துல தெரியாத பொம்பளை கிடையாது. பாட்டிக்கல்லு எங்க மூலம்னு எங்க வீட்டுல சொல்லாத ஆளும் கிடையாது. ரெண்டும் எல்லாருக்கும் தெரியும். ஒண்ணோட ஒண்ணைச் சேத்துப் பாக்க யாருக்கும் தோணல. நான் மட்டும் என்ன, வாற வெளியூர்க்காரங்ககிட்ட ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்லியிருக்கேன். 'இவ பிள்ளையோட செத்தவ, நாங்க இவ வம்சம்'னு! பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க எல்லாம் கேட்டுட்டு, 'ஆஹா'ன்னு தலையாட்டிட்டுப் போயிருக்காவ.

புரொபசர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. செண்பகம் பொத்துன்னு உக்காந்துட்டா. நான் ஜெயிச்சுட்டேன்னுதானே நீ நினைக்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். வீடியோ எடுத்தவனும் அப்படி நினைச்சுத்தான் அங்கன நிறுத்திட்டான்.

ஆபீஸர் பேனாவை மூடினாரு. 'அப்ப இந்தக் கல்லுக்கு வாரிசுன்னு யாரும் இல்லேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. யாரோட ஆட்சேபணையையும் கேக்க வேண்டிய அவசியம் இல்ல. நல்லதாப் போச்சு'ன்னு எந்திரிச்சுட்டாரு.

எனக்க வாய்தான். எனக்க வாயேதான்! நாசமாப்போற வாயி. ஆனா சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டேன். எதுக்கு எடுக்கணும்? நெசம்தானே.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்க மாப்பிள்ளை பத்தடி முன்னாலேயே போனாரு. படியேறும்போதுதான் திரும்பினாரு. 'சின்னப்பிள்ளையிலேருந்து அவளை எனக்க பாட்டின்னு நினைச்சிருந்தேன் தாணு. நாலு பேரு முன்னால இல்லாம ஆக்கிட்டியே'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்குப் பொறவு பேச்சு இல்ல. கத்துனாலும் திருப்பிக் கத்தலாம், பேசாத மனுசனை என்ன செய்யது? பேசாட்டாப் போகட்டும்னு இருந்தேன். ரசம் வெச்சேன், குடிச்சாரு. துவையல் அரைச்சேன், தின்னாரு. கூடத்துல உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. நானும் எனக்க பங்குக்கு வேற சுவரைப் பாத்தேன்.

எப்பா, அந்த ஆட்டோவைப் பாத்தியா, காலு மேல கேத்தப் பாக்கான்! ஏய், கண்ணு எங்கடே இருக்கு? வா மக்களே, இது கம்போளம். இந்தப் பழம் பாரு, மட்டிப்பழம். எங்க ஊருல மட்டும்தான் இந்த ருசி. அப்படிச் சொல்லக்கூடாதுன்னு புரொபசர் சொல்லுவாரு. சொல்லத்தான் செய்வேன்.

ஜேசிபி வருகுன்னு முந்தின நாளே மரியபுஷ்பத்துக்குத் தகவல் வந்துட்டு. வந்து எங்கிட்ட கேக்கா, 'அக்கா, குறுக்கப் படுத்துக்கிடுவோமா?'ன்னு. 'படுக்கவும் வேண்டாம், எந்திரிக்கவும் வேண்டாம். வழக்கம்போல சுமையை இறக்கி வையுங்க, அது போதும்'னேன்.

இங்க ஒரு மொறை உண்டு, கேட்டுக்கோ. ஒருத்தி கல்லுமேல இறக்கி வெச்ச சுமையை அவளைத் தவிர வேற யாரும் தொடக்கூடாது. அவ வெத்தலை வாங்கப் போயிருக்கலாம், மூத்திரம் பெய்யப் போயிருக்கலாம், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அது அவ சுமை. மத்தவ வந்தா பக்கத்துல காத்து நிப்பா. தொட்டா தொட்டவ தலையில அவளுக்க கஷ்டமும் சேந்து கேறும்னு ஒரு பேச்சு. கஷ்டம் கேறுமோ கேறாதோ, தொடமாட்டாவ.

மறுநாள் விடிஞ்சதும் மீன்கூடை, வாழைக்குலை, மரச்சீனிக்கிழங்குச் சாக்கு, கீரைக்கட்டு, எல்லாம் கல்லுமேலயும் கல்லுகிட்டயும். நானும் வீட்டுலேருந்து ஒரு அரைச்சாக்கு அரிசியைத் தலையில வெச்சு நடந்தே கொண்டுபோனேன். எங்க வீட்டுப் பொம்பளைங்க தலைச்சுமை எடுத்ததே கிடையாது. தெருவே வெளிய வந்து பாத்துது. கழுத்து ஒடிஞ்சிரும்போல இருந்துது. பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் போனேன். கல்லுமேல சாய்ச்சு இறக்கினப்போ எனக்கு உசிரே திரும்பி வந்த மாதிரி இருந்துது. இத்தனை வருசம் அந்தக் கல்லைக் கும்பிட்டிருக்கேன், அண்ணைக்குத்தான் அது எதுக்குன்னு எனக்க கழுத்துக்குத் தெரிஞ்சுது.

ஜேசிபி வந்துது. சூப்பர்வைசர் ஒருத்தன் இறங்கி, 'யாரு சாமான் இதெல்லாம்? எடுங்க எடுங்க'ன்னான். 'டேய், எடுத்து ஓரமா வையுங்கடா'ன்னான் கூட வந்த கூலிக்காரப் பயலுவகிட்ட, எல்லாம் எனக்குத் தெரிஞ்சவனுவ. ஒருத்தனும் அசையல. வண்டி ஓட்டுகவன் மேலேருந்தே சொன்னான், 'அண்ணே, எனக்க அம்மையும் கூடை சுமந்தவதான். நான் தொடமாட்டேன். வேணும்னா நீங்க தொடுங்க.' சூப்பர்வைசர் கையை நீட்டினான், மரியபுஷ்பம் ஒரு பார்வை பாத்தா, கையை எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டான்.

வியாபாரம்னு ஒண்ணு இருக்குல்லா? மத்தியானம் தாண்டினதும் ஒவ்வொருத்தியா அவளவ சுமையை எடுத்துட்டுப் போகவேண்டியதாப் போச்சு. மீனு காத்திருக்குமா? கடைசியில எனக்க அரிசிச்சாக்கு மட்டும்தான் கல்லுமேல. அதுக்குள்ள ஆபீஸரும் வந்துட்டாரு, புரொபசரும் வந்துட்டாரு. செண்பகமும் எங்கேயோ குடை பிடிச்சுக்கிட்டு நிக்கா.

'அம்மா, சாக்கை எடுங்க'ன்னாரு ஆபீஸர்.

'எனக்க சுமையை எப்பம் எடுக்கணும்னு எனக்குத் தெரியும்'னேன்.

'வாரிசு இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப என்ன உரிமையில வந்து நிக்கிறீங்க?'

ரெண்டு கையாலயும் கல்லைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அப்பம்தான் இவரு வாறாரு. கம்போளத்து மேற்கேருந்து. காய்கறிப்பையைக்கூடக் கையில பிடிக்கமாட்டாரு இந்த மனுசன், கௌரவம்! துண்டைச் சும்மாடு கட்டித் தலையில வெச்சு, அதுமேல ஒரு சாக்கு. அரிசிக்கடையில வாங்கியிருக்காரு. வேட்டி அவிழப்போகுது, கழுத்து ஒருபக்கமாச் சாயுது, வேர்த்து ஊத்துது. நேரா வந்தாரு. எனக்க சாக்குக்குப் பக்கத்துல அவருக்க சாக்கைச் சாய்ச்சு வெச்சாரு. மூச்சு வாங்கினாரு. பொறவு பேசினாரு. அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல.

'சார், ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில கடல்ல இறங்கி எங்க அப்பா எள்ளும் தண்ணியும் விடும்போது ரெண்டு பேரு சொல்லுவாரு. முதல்ல ஆவுடையம்மை. பொறவு நீலம்மை. நானும் அப்படித்தான் இண்ணைக்கு வரை சொல்லுகேன். ஏன் ரெண்டு பேருன்னு கேட்டதே இல்ல. இத்தனை நாளா உக்காந்து யோசிச்சேன். ஆவுடையம்மை மூத்தாள். அவ போனப்பொறவு கட்டின இளையாள் நீலம்மை. நாங்க நீலம்மை வயித்துல வந்தவங்க. நீலம்மைதான் தனக்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கா, முதல்ல பெரியம்மைக்கு விடு, பொறவு எனக்கு விடுன்னு. வயித்துல பொறந்தாத்தான் பிள்ளைன்னு நீங்க எழுதினா எழுதிக்கிடுங்க. எங்க வீட்டுல அப்படி இல்ல. நான் ஆவுடையம்மைக்குப் பிள்ளை. எனக்கு ஆட்சேபணை உண்டு.'

ஆபீஸர் புரொபசரைப் பாத்தாரு. புரொபசர், அவரும் இந்த மண்ணுதானே, 'மொறைன்னு பாத்தா அவரு சொல்லுகது சரிதான் சார்'னாரு. குடைக்கடியில செண்பகத்துக்க நடுப்பய நிண்ணவன் விறுவிறுன்னு நடந்து வந்து எனக்குப் பக்கத்துல நிண்ணான். 'வெயிலா இருக்கு, வா பெரியம்மை, அந்த நிழல்ல உக்காரு'ன்னான். அவன் எப்பவும் அப்படித்தான் விளிப்பான். பெரியம்மைன்னு விளிக்காம பின்ன எப்படி விளிப்பான்? அதுல என்ன விசேஷம்? எனக்குக் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. வெயிலு வேற, காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல.

மேலிடத்துல கேட்டுட்டு வாறோம்னு போயிருக்காவ. வரட்டும். இவரு இப்பம் பேசுகாரு. 'சம்பாரத்துல உப்பு கூடிட்டு'ங்காரு. அண்ணைக்கு எனக்காக ஒண்ணும் அவரு பேசல, அவருக்க குடும்பத்துக்காகப் பேசினாரு. எனக்குத் தெரியாதா? செண்பகம் நேத்து மாங்கா ஊறுகா குடுத்துவிட்டா. உப்பே இல்ல. தின்னேன்.

இந்தா, வந்துட்டோம். இதான் ஆவுடையம்மை. பைய நட, இங்கன பள்ளம். மேல இருக்க ரெண்டு சாக்கும் எங்களுக்கது, மேலிடத்துப் பதில் வாற வரை எடுக்கமாட்டோம். அந்தா கூடை மரியபுஷ்பத்துக்கது, டீ குடிக்கப் போயிருப்பா. போட்டோ எடுக்கணுமா? தாராளமா எடு. என்ன, சாக்கு மறைக்கா? பேரு தெரியலையா? ஒருத்தன் இப்படித்தான் போன வாரம் வந்து சாக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமான்னு கேட்டான். நான் சொன்னேன், வெறுங்கல்லு வேணும்னா மலையில கிடக்கு, போயி எடுத்துக்கோ. இவளை எடுக்கணும்னா சுமையோடதான் எடுக்கணும்.